அறிந்தவர் முதலில் பேசட்டும்: வேலையிடத்தில் கூட்டம் நடத்தவும் வருடத் திட்டம் போடவும்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் தேனீ வளர்ப்போர் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். அலுவலகத்தில் கணக்கர், தேன் வடிகட்டிப் பாட்டிலில் அடைக்கும் கூடத்தில் பெண்கள், அருமனை, களியல், கடையாலுமூடு பக்கம் தேன்பெட்டிகளைச் சுற்றிப் பார்த்து வரும் களப்பணியாளர்கள், இவர்களோடு உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு. இத்தனை பேரையும் ஓர் அறையில் உட்காரவைத்து முடிவெடுக்க வைப்பதும், எடுத்த முடிவு நடக்கிறதா என்று பின்னால் போய்ப் பார்ப்பதும் என் வேலையில் பாதி. பள்ளி, ஆஸ்பத்திரி, மகளிர் குழு, சிறு கம்பெனி எதில் வேலை பார்த்தாலும் இந்தப் பாதி உங்களுக்கும் இருக்கும். அதைச் செய்யும் விதத்தை எங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன்.

நான் கடைப்பிடிப்பது ஒரே ஒரு விதி. எந்த விஷயம் பேசப்படுகிறதோ, அதைக் கையால் தொட்டுச் செய்கிறவர் முதலில் பேச வேண்டும். பதவியில் பெரியவர் கடைசியில் பேச வேண்டும். நிகழ்ச்சி நிரல், நாற்காலி போடும் விதம், குறிப்பு எழுதுவது, வருடத் திட்டம் எல்லாமே இந்த விதிக்கு இடம் கொடுக்கும்படி அமைய வேண்டும்.

கூட்டம் வேண்டுமா?

கூட்டம் அறிவிப்பதற்கு முன் ஒரு தாளில் இந்த வரியை எழுதி முடித்துப் பாருங்கள்: “நாம் எழுந்து போகும்போது இன்னது முடிவாகியிருக்க வேண்டும்.” அந்த ‘இன்னது’ என்ன என்று எழுத முடியவில்லையென்றால் கூட்டம் வேண்டாம். பாட்டில் லோடு வந்துவிட்டது, திங்கட்கிழமை கொள்முதல் கிடையாது, பயிற்சிக்கு இரண்டு பேர் போகிறார்கள் என்பவையெல்லாம் செய்திகள். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போட்டால் போதும். எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் அதுவே நல்லது.

பலருடைய கையில் துண்டு துண்டாக இருக்கும் அறிவை ஒன்றுசேர்த்தால்தான் முடிவெடுக்க முடியும் என்றால், அப்போது கூட்டுங்கள்.

கேள்வியாக எழுதுங்கள்

நிகழ்ச்சி நிரலில் “சீனி கொள்முதல்” என்று எழுதினால், அறையில் ஆளுக்கொரு கூட்டம் நடக்கும். ஒருவர் போன வருடத்துச் சீனி விலையைச் சொல்வார், இன்னொருவர் மூட்டையில் எறும்பு வந்த கதையைச் சொல்வார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “ஜூன் முதல் செப்டம்பர் வரை பெட்டிகளுக்குப் பாகு கொடுக்க வேண்டிய சீனியை மொத்தமாக இப்போதே வாங்குவதா, மாதாமாதம் வாங்குவதா?” இப்போது எல்லாருக்கும் பேச ஒரே பொருள்தான். ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் மூன்று விவரங்கள் எழுதுங்கள்: இதில் முதலில் பேசப்போகிறவர் யார், எவ்வளவு நேரம், முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு.

மூன்றாவது விவரத்தை நிறைய இடங்களில் மறைத்துவிடுகிறார்கள். மொத்த வியாபாரிக்குக் கொடுக்கும் விலையை நிர்வாகக் குழு முடிவு செய்யும், கூடத்துப் பெண்களிடம் கருத்து மட்டும் கேட்கிறோம் என்றால், அதைக் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஓட்டுப்போடச் சொல்வதுபோல ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டு, மறுநாள் வேறு விலையை அறிவித்தால், அடுத்த தடவை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்லவும் முடியாது.

ஒன்றரை மணி நேரக் கூட்டத்துக்கு மூன்று கேள்விகள் தாராளம். கடினமானதை முதலில் வையுங்கள். கணக்கு, விலை, இருப்பு போன்ற எண்களை இரண்டு நாள் முன்னாலேயே எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். எண்ணை முதல் தடவையாகக் கூட்டத்தில் பார்க்கிறவர், அதைப் புரிந்துகொள்வதிலேயே நேரத்தைச் செலவழிப்பார்.

நாள், நேரம், சாயா

எங்கள் உறுப்பினர்களில் பலர் பால்வெட்டுத் தொழிலாளிகள். விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் போய், பால் எடுத்து, ஷீட் அடித்து முடிக்க உச்சை ஆகிவிடும். காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டால், பெட்டி வைத்திருக்கிறவர்கள் வரமாட்டார்கள், பெட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மட்டும் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பலருக்குக் கோயில் இருக்கிறது. அதனால் வாரநாளில் பிற்பகல் மூன்று மணி. முடியும் நேரத்தைப் பேருந்து நேரத்தை வைத்துத் தீர்மானிக்கிறேன். கடையாலுமூட்டுக்குப் போகும் பெண் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகு எடுக்கும் முடிவில் அவள் பங்கு இல்லை.

சாயாவைக் கடையிலிருந்து வரவழையுங்கள். கூடத்தில் வேலை செய்யும் பெண்களைச் சாயா போடச் சொல்லும் வழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. பாட்டிலில் தேன் உறைந்துபோவதைப் பற்றிப் பேசும் நேரத்தில், அந்தப் பாட்டில்களைத் தினமும் கையாளுகிறவர் அடுப்படியில் நின்றால் கூட்டம் எதற்கு?

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேடையும் முன்வரிசையும் இருந்தால், பின்வரிசையில் இருப்பவர் பார்வையாளர் ஆகிவிடுவார்.

யார் முதலில், யார் கடைசியில்

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் உள்ள மூன்று கோடுகளில் அதே நீளம் உள்ளது எது என்று கேட்பார்கள். தவறாகச் சொல்ல வழியே இல்லாத கேள்வி. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள், முன்கூட்டியே பேசிவைத்தபடி, ஒரே தவறான பதிலைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அந்தத் தவறான பதிலையே தாங்களும் சொன்னார்கள். மற்றவர்களில் ஒருவராவது சரியான பதிலைச் சொன்னபோது இது வெகுவாகக் குறைந்தது.

முன்பின் தெரியாதவர்கள் நடுவிலேயே அப்படியென்றால், மாமா, பாட்டா, சித்தி என்று உறவுமுறை சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் உட்காரும் அறையில் எப்படி இருக்கும்! மூத்தவர் ஒருவர் “இந்த வருசம் தேன் கொள்ளாம் (நன்றாக இருக்கிறது), பெட்டி கூட்டலாம்” என்று சொல்லிவிட்டால், முந்தின நாள் பெட்டியைத் திறந்து, அடையைத் தின்று கெடுக்கும் மெழுகுப்பூச்சியைக் கண்ட பையன் அதைச் சொல்லமாட்டான். மரியாதை அவனைத் தடுக்கும். அந்த மரியாதை நல்லது, அதை உடைக்கக் கூடாது. வரிசையை மாற்றினால் போதும்.

மாற்றும் வேலை கூட்டத்துக்கு முந்தைய நாளே நடக்க வேண்டும். மூத்தவரின் வீட்டுக்குப் போய்ச் சொல்வேன்: “பாட்டா, நாளைக்கு நீங்க கடைசியில சொல்லணும். நீங்க சொல்லியாச்சுன்னா அதுக்கு மேல யாரும் வாய் தொறக்கமாட்டாங்க. பிள்ளைங்க என்ன பாத்தாங்கன்னு முதல்ல கேட்டுருவோம்.” “செரி மக்களே” என்பார். கடைசிச் சொல் தன்னுடையது என்பதை அவர் கௌரவமாகவே எடுத்துக்கொள்வார். அறையில் எல்லார் முன்னாலும் “கொஞ்சம் பொறுங்க” என்று சொன்னால், அதே வார்த்தை அவமானமாகிவிடும்.

பெரிய கேள்வி என்றால் பேச்சைத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் அமைதி. ஆளுக்கொரு துண்டுத்தாள். தன் எண்ணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். எங்கள் பக்கம் சிலர் மலையாளத்தில் எழுதுவார்கள், அதுவும் சரி. எழுதச் சிரமப்படுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதை அப்படியே எழுத ஒருவரை வையுங்கள். தாள்களைப் பெயர் சொல்லாமல் வாசித்து, ஒன்றுபோல இருப்பவற்றைச் சுவரில் சேர்த்து ஒட்டுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும். பேசத் தயங்கும் ஒருவருடைய எண்ணம் சுவரில் ஏறிவிட்டால், அதற்கு ஆதரவாகப் பேச வேறொருவர் கிடைப்பார்.

“எல்லாருக்கும் சம்மதந்தானே?” என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும். “இது நடக்காமல் போனால் எதனால் போகும்?” என்று கேளுங்கள். அமைதியாக இருந்தவர் அப்போது பேசுவார்.

சண்டை வந்தால்

வரும். வராவிட்டால் முக்கியமான எதையும் பேசவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். என்ன வகைச் சண்டை என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

உண்மை பற்றிய சண்டைக்கு விவாதம் தேவையில்லை, அளவு தேவை. தேனில் ஈரம் அதிகம் என்று கொள்முதலில் ஒருவருடைய தேனை ஒதுக்கிவிட்டால், “எனக்கு மட்டும் ஏன்?” என்று அவர் கூட்டத்தில் எழுந்து நிற்பார். அவர் கேட்பது நியாயமான கேள்வி. மாதிரியைக் கொண்டுவந்து, ஈரத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு, அவர் கண்ணாலேயே பார்க்க வையுங்கள். 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் தேன் புளிக்கும் வாய்ப்பு கூடுகிறது, அதனால் எங்கள் வரம்பு அது. அடுத்தபடியாக, ஒதுக்கப்படாத இன்னொருவர் தேனையும் அதே கருவியில் பாருங்கள். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால், அவருக்கு நம்பிக்கை வராது. பிறகு அவர் சொல்லாதது வெளியே வரும்: அடை மெழுகால் மூடப்படுவதற்கு முன்பே எடுத்திருக்கிறார், கைச்செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. இப்போது கூட்டத்தின் கேள்வி மாறுகிறது. அறுவடைக்கு முன் சிறு முன்பணம் கொடுக்க முடியுமா? இது பேசத் தகுந்த கேள்வி.

விருப்பம் பற்றிய சண்டையை, உதாரணமாக லேபிளின் நிறத்தை, இரண்டு பேரிடம் ஒப்படைத்துவிட்டு நகருங்கள். எளிதான விஷயத்தில் எல்லாருக்கும் கருத்து இருக்கும், நேரத்தையெல்லாம் அது தின்றுவிடும். பணப் பாக்கி பற்றிய சண்டையைத் திறந்த கூட்டத்தில் தீர்க்காதீர்கள். மூன்று பேரை நியமித்து, கணக்குப் புத்தகத்தோடு தனியே உட்கார வையுங்கள். ஒருவருடைய கடனை ஊர் நடுவில் வாசிப்பது அவருடைய குடும்பத்தையும் சேர்த்துத் தண்டிப்பது.

தலைப்புக்கு வெளியே வரும் பேச்சுக்குச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். “பின்னால் பேச” என்று தலைப்பிட்டு, சொன்னவர் பெயரையும் எப்போது பேசுவோம் என்ற நாளையும் எழுதுங்கள். நாள் எழுதாத தாளை யாரும் நம்பமாட்டார்கள்.

முடிவை எழுதுவது

சட்டப்படி வைக்க வேண்டிய தீர்மானப் புத்தகம் தனி. வேலை நடக்க வேண்டுமானால் ஒரு பக்கத் தாள் போதும்: என்ன, யார், எந்தத் தேதிக்குள். “அலுவலகம் செய்யும்”, “களப்பணியாளர்கள் பார்ப்பார்கள்” என்று எழுதக் கூடாது, ஓர் ஆளின் பெயர் வேண்டும். கலையும் முன் நான் அதை வாசிப்பதில்லை. செய்யப்போகிறவரே தன் வரியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போதுதான் “தேதி போதாது”, “வண்டிக்குப் பணம் யார் தருவா?” என்ற சந்தேகங்கள் வெளியே வரும். அங்கேயே திருத்திவிடலாம். தாளைப் படம் எடுத்து அன்றைக்கே குழுவில் போடுங்கள். அடுத்த கூட்டம் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வருடத் திட்டம்: ரப்பர் இலையிலிருந்து பின்னோக்கி

எங்கள் தொழிலின் கடிகாரம் ரப்பர் மரம். டிசம்பர், ஜனவரியில் இலை உதிரும். பிறகு துளிர் வரும்போது, மூன்று இலைகள் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தேனீக்களுக்கு அதுதான் பெருவிருந்து, பூ அல்ல. பிப்ரவரி, மார்ச்சில் முக்கிய அறுவடை முடிந்துவிடும். மே மாதத்துக்குப் பிறகு பஞ்ச காலம், மழையும் சேரும். பெட்டிகளைப் பாகு கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். அக்டோபரிலிருந்து ஈக்கள் பெருகும், அப்போது பெட்டி பிரிப்போம், அதாவது ஒரு பெட்டியின் ஈக்களைப் பிரித்துப் புதுப் பெட்டியிலும் வைப்போம்.

அதனால் திட்டக் கூட்டத்தை நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில் வைப்பதில்லை. ஓணம் முடிந்த வாரத்தில் வைக்கிறோம், ஒரு முழுநாள். உங்கள் தொழிலுக்கும் இப்படி ஒரு மாதம் இருக்கும்: போன பருவத்தின் கணக்கு கையில் வந்திருக்கும், அடுத்த பருவத்துக்கு இன்னும் எதையாவது மாற்ற முடியும். அந்த மாதத்தைத் தேடிப் பிடியுங்கள்.

சுவரில் நீளமான தாளை ஒட்டிப் பன்னிரண்டு மாதங்களையும் எழுதுங்கள். கடைசியிலிருந்து முன்னே வாருங்கள். பிப்ரவரியில் தேன் வேண்டுமென்றால் டிசம்பர் முடிவதற்குள் பெட்டியில் ஈ நிறைந்திருக்க வேண்டும். அதற்கு அக்டோபர், நவம்பரில் பிரித்திருக்க வேண்டும். அதற்குப் புதுப் பெட்டிகள் செப்டம்பர் கடைசியில் கைக்கு வர வேண்டும். அப்படியென்றால் தச்சருக்கு முன்பணம் இந்த வாரமே போக வேண்டும். இந்தக் கடைசி வரி வந்ததும் அறை நிமிர்ந்து உட்காரும். ஒவ்வொரு கட்டத்தையும் அந்த வேலையைச் செய்கிறவரே எழுத வேண்டும். தச்சரையும் கூப்பிடுங்கள்.

அடுத்தது தேர்ந்தெடுப்பது. ஆசைகள் நிறைய இருக்கும். திற்பரப்பிலும் கன்னியாகுமரியிலும் சுற்றுலா வருகிறவர்களுக்குச் சொந்தப் பாட்டிலில் விற்பது, கேரளத்துத் தோட்டங்களுக்குப் பெட்டி கொண்டுபோவது, கிழக்கே முருங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவது, மெழுகில் பொருள்கள் செய்வது. எல்லாமே நல்லவைதான். கையில் உள்ள ஆட்களுக்கும் பணத்துக்கும் இரண்டுதான் முடியும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆள், எவ்வளவு பணம், எந்த மாதம் என்று எழுதிப் பார்த்தால், இரண்டு ஆசைகள் ஒரே பிப்ரவரியில் ஒரே லாரியைக் கேட்பது தெரிந்துவிடும். விட்டுவிட்டவற்றையும் காரணத்தோடு எழுதிவையுங்கள். “இந்த வருடம் மெழுகுப் பொருள் இல்லை, கூடத்தில் ஆள் போதாது” என்று தாளில் இருந்தால், நவம்பரில் யாராவது அந்தப் பேச்சை எடுக்கும்போது பதில் தயாராக இருக்கும்.

பிற்பகலில் நான் விடாமல் செய்கிற ஒன்று உண்டு. கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் விளக்கிய முறை. திட்டம் தோற்றுவிட்டது என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, காரணத்தை எழுதச் சொல்வது. “அடுத்த மே மாதம் வந்தாச்சு. நம்ம திட்டம் தோத்துப் போச்சு. என்ன நடந்தது?” குறை சொல்கிறவன் என்ற பெயர் யாருக்கும் வராது, ஏனென்றால் எல்லாரும் குறைதான் எழுதுகிறார்கள். பிப்ரவரியில் எதிர்பாராத மழை பெய்து இனிப்பு நீரைக் கழுவிவிட்டது. துளிரில் சாம்பல் நோய் வந்து இலை கொட்டியது. வழக்கமாகப் பெட்டி வைக்கும் தோட்டத்தில் மரத்தை வெட்டிவிட்டார்கள். தேன் உறைந்து, வாங்கியவர்கள் கலப்படம் என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்த நேரத்தில் வரிசையை நான் புரட்டிவிடுவேன். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவி, இந்தியத் தேனீக்களில் பெரும்பகுதியை அழித்தது. அந்த வருடங்களில் பெட்டி வைத்திருந்த மூத்தவர்கள்தான் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். புழு அறைக்குள்ளேயே நீர்ப்பையாக மாறிச் சாவதையும், ஒரு பெட்டியில் அடை கட்டிய மரச்சட்டத்தை இன்னொன்றுக்கு மாற்றினால் நோயும் சேர்ந்து போவதையும் அவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். அங்கே பாட்டாதான் முதலில் பேசுவார், பையன்கள் கடைசியில். விதி மாறவில்லை, அறிந்தவர்தான் மாறினார்.

ஒவ்வொரு ஆபத்துக்கும் ஓர் அடையாளமும் ஒரு செயலும் எழுதுங்கள். “மழை வந்தால் பார்ப்போம்” என்பது திட்டம் ஆகாது. “பிப்ரவரி பாதியில் தேன் அறையில் மூடிய அடை இல்லையென்றால், பாட்டில் ஆர்டரில் பாதியை நிறுத்த வேண்டும், கணக்கர் போன் செய்வார்” என்பது திட்டம்.

இத்தகைய நாளில் வெளியிலிருந்து நிபுணர் ஒருவரைக் கூப்பிடுவது நல்லதுதான், ஆனால் அவரைப் பேச்சாளராக வைக்காதீர்கள். மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், மக்கள் தாங்களே செய்ய வேண்டும், அறிந்தவர் அருகிலிருந்து ஆலோசனை சொல்ல வேண்டும் என்ற முறையில் வேலை செய்தார். எங்கள் ஊரில் தேன்பெட்டி பரவியதில் அந்த மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நிபுணரை வட்டத்தில் எல்லாரோடும் உட்காரவைத்து, கேட்டால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

பருவத்துக்கேற்ற நீளம்

அறுவடைக் காலத்தில் நீண்ட கூட்டம் கூடாது. எடை போடும் இடத்தில் நின்றபடியே பத்துப் பதினைந்து நிமிடம்: நேற்று எவ்வளவு வந்தது, எங்கே தடை, இன்றைக்கு யாருக்கு உதவி வேண்டும். ஜூன் மழையில் எல்லாருக்கும் நேரம் இருக்கும், அப்போது பயிற்சியையும் கணக்கு ஆய்வையும் வையுங்கள். திட்டத் தாளை மாதம் ஒருமுறை திறந்து, நடந்ததைப் பச்சையிலும் தள்ளிப்போனதைச் சிவப்பிலும் குறியுங்கள். சிவப்பில் இருப்பதைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

கூட்டம் நடத்தும் வேலையும் ஒருவர் கையிலேயே இருக்கக் கூடாது. அடுத்த மாதம் நடத்தப்போகிறவரை இந்த மாதமே பெயர் சொல்லி அறிவியுங்கள், கூடத்துப் பெண்களில் ஒருவரிலிருந்தே தொடங்கலாம். கேள்விகளை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள், மூத்தவர் வீட்டுக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டத்தன்று அவருக்கு எதிரே தெரியும்படி உட்காருங்கள், பக்கத்தில் உட்கார வேண்டாம். பக்கத்தில் இருந்தால் எல்லாரும் உங்களைப் பார்த்தே பேசுவார்கள்.